கல்யாணத் தேதி குறிக்கும் முன் ஒரு ஊசி

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் என்னிடம் படித்த பெண்கள் பத்திரிகையும் கையுமாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நாகல்நகரிலிருந்து வருவார்கள், பேகம்பூரிலிருந்து வருவார்கள், சின்னாளபட்டியிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, மண்டபம் எங்கே என்றெல்லாம் கேட்டு முடித்ததும் நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. "நீ எந்த வருஷம் பொறந்தேம்மா? ரூபெல்லா ஊசி போட்டிருக்கியா?"

பெண் யோசிப்பாள். அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வார். "அது சின்னப் புள்ளைங்களுக்குப் போடுறதுதான டீச்சர்? இந்த வயசுல இவளுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடிவதில்லை. ஆகவே இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். 2017-இல் பள்ளிகளில் இந்த ஊசி போடப்பட்டபோது பிள்ளைகளோடு வரிசையில் நின்றவள். அப்போதிலிருந்து இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்துவருகிறேன்.

ரூபெல்லா நோயை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதற்குக் காரணம், வந்தாலும் தெரியாமல் போய்விடும் நோய் அது. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், அவ்வளவுதான். மூன்று நாளில் தடிப்பு மறைந்துவிடும். நம் ஊரில் உடம்பில் எது பொரிந்தாலும் அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகி, இளநீர் கொடுத்து, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அது தட்டம்மையா, ரூபெல்லாவா, வேறு ஏதாவதா என்று யாரும் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில்லை. அதோடு, தொற்று ஏற்பட்டவர்களில் பாதிப் பேர் வரை தடிப்பே வராமல் நோயைக் கடந்துவிடுகிறார்கள். அவர்களும் தும்மியும் இருமியும் அடுத்தவருக்குப் பரப்புவார்கள். தடிப்பு வெளியே தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

பிள்ளைக்கு வந்தால் மூன்று நாள் சங்கடத்தோடு போய்விடும் நோய்க்கு எதற்கு ஊசி? இதற்கான விடை 1941-இல் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில், ஒரு கண் மருத்துவர் மூலம் கிடைத்தது. அவர் பெயர் நார்மன் கிரெக். பிறந்த சில மாதங்களே ஆன குழந்தைகள் கண்ணில் புரையோடு அடுத்தடுத்து அவரிடம் வந்தார்கள். கிழவர்களுக்கு வருகிற கண்புரை கைக்குழந்தைகளுக்கு வருவானேன்? தாய்மார்களின் முந்தைய மாதங்களை விசாரித்துக்கொண்டே போனார். பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா கண்டவர்கள். மற்ற மருத்துவர்களிடமும் கேட்டுச் சேர்த்து, 78 குழந்தைகளின் விவரத்தோடு அந்த ஆண்டே அறிக்கை வெளியிட்டார். தாய்க்கு வந்த சாதாரணத் தடிப்பு நோய், வயிற்றில் இருக்கும் கருவின் கண்ணைக் கெடுக்கும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அந்தக் குழந்தைகளில் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. காது கேளாமையும் இதனால் வரும் என்பது சில ஆண்டுகளில் தெளிவானது.

கர்ப்பம் தரித்து முதல் மூன்று மாதத்துக்குள் தாய்க்கு இந்தத் தொற்று வந்தால், கருவைப் பாதிக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு வரை போகிறது. கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். உயிரோடு பிறந்தால் கண்புரை, இதயத்தில் மூடாத ரத்தக்குழாய், செவிட்டுத்தன்மை, சிறுத்த தலை, மூளை வளர்ச்சிக் குறை என ஒன்றோ பலவோ சேர்ந்து வரலாம். இருபது வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் முதல் சில வாரங்களில், தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரிந்திருக்காது. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில்தான் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் உருவாகின்றன.

அமெரிக்காவில் 1964, 65 ஆண்டுகளில் ரூபெல்லா பெரிதாகப் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பிறவிப் பாதிப்போடு பிறந்தார்கள். அந்தத் துயரத்தின் பின்னணியில்தான் தடுப்பூசி வேலைகள் வேகம்பிடித்து, 1969-இல் முதல் ஊசி வந்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் போடப்படுவது ஸ்டான்லி பிளாட்கின் என்ற மருத்துவர் உருவாக்கிய வகை. நம் நாட்டில் புனேயில் இருக்கும் சீரம் நிறுவனமும் அதைத் தயாரிக்கிறது.

அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் சொல்வதால் இது தூரத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், பிறவிக் கண்புரையோடு வரும் குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களில் ரூபெல்லாவால் பாதிக்கப்பட்டவர்களைப் பல ஆண்டுகளாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். குழந்தைகள் கண் பிரிவை வழிநடத்திய டாக்டர் பி. விஜயலட்சுமியும் அவருடைய குழுவினரும் இன்னொரு வேலையும் செய்தார்கள். மதுரை, கோவை, திருநெல்வேலி ஆகிய மூன்று அரவிந்த் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த ஆய்வு 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. பத்தில் ஒருவருக்கும் மேல் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் இருந்தார்கள். பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள், அதுவும் தொற்றோடு வரும் குழந்தைகளைத் தினமும் தூக்கிப் பார்ப்பவர்கள்! பிறவி ரூபெல்லாவோடு பிறந்த குழந்தையின் உடம்பிலிருந்து ஒரு வருடம் வரை கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதைச் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சரி, கைக்குழந்தைக்குப் போட்டால் போதாதா, வளர்ந்த பிள்ளைகளை ஏன் வரிசையில் நிறுத்த வேண்டும்? எனக்கே இது முதலில் விளங்கவில்லை. கிரேக்க நாட்டில் நடந்ததைப் படித்த பிறகு விளங்கியது.

அங்கே 1975 வாக்கில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு ரூபெல்லா ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆனால் பாதிப் பிள்ளைகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. பெரிய பிள்ளைகளுக்கும் போடவில்லை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளால் கிருமியின் நடமாட்டம் ஓரளவு குறைந்தது. அதற்கு முன் ஏழெட்டு வயதிலேயே விளையாட்டோடு விளையாட்டாக நோய் வந்து, ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்ட பிள்ளைகள், இப்போது நோயும் வராமல் ஊசியும் இல்லாமல் வளர்ந்து பெரியவர்களானார்கள். 1993-இல் அங்கே ரூபெல்லா வெடித்தபோது அது பிடித்தது யாரை? கர்ப்பம் தரிக்கும் வயதுப் பெண்களை. அரைகுறையாகப் போட்ட ஊசி, நோயைச் சிறு வயதிலிருந்து நகர்த்தி, வரவே கூடாத வயதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஆகவே ஒரு நாடு இந்த ஊசியைத் தொடங்கும்போது கைக்குழந்தையிலிருந்து பதின்வயது வரை எல்லோருக்கும் ஒரே மூச்சில் போட்டு, கிருமி ஓடி ஒளிய இடமில்லாமல் செய்ய வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் நடந்தது இதுதான்.

ஆண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கிற அப்பாக்களும் உண்டு. பிரிட்டன் 1970-இல் பள்ளி மாணவியருக்கு மட்டும்தான் போட்டது. ஜப்பானும் 1977 முதல் அப்படித்தான், நடுநிலைப்பள்ளிப் பெண்களுக்கு மட்டும். பையன்களை விட்டுவிட்டார்கள். அந்தப் பையன்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள். 2013-இல் ஜப்பானில் 14,000 பேருக்கு மேல் ரூபெல்லா வந்தது. பெரும்பாலோர் இருபது வயதிலிருந்து நாற்பதுகள் வரையிலான ஆண்கள். ஆபீஸில் தொற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்து கர்ப்பிணி மனைவிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பரவலில் 45 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தன. விட்டுப்போன ஆண்களைத் தேடித்தேடி இலவசமாகப் பரிசோதித்து ஊசி போடும் வேலையை ஜப்பான் அரசு 2019-இல் தொடங்க வேண்டியதாயிற்று. தன் பிள்ளையின் கண்ணுக்கும் காதுக்கும் அப்பாவும் பொறுப்பு. பையனுக்கும் போடுங்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு என ஐந்து இடங்களில் முதல் கட்டமாகத் தட்டம்மை-ரூபெல்லா (எம்ஆர்) முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது நிறையாதவர்கள் வரை, முன்பு ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லோருக்கும் ஒரு டோஸ். தமிழ்நாட்டில் மட்டும் குறி வைத்தது சுமார் 1.76 கோடிப் பிள்ளைகள். பள்ளிகளில்தான் முதலில் போட்டார்கள்.

எங்கள் ஊரில் அது மாசித் திருவிழாக் காலம். பள்ளிக்கூடத்தில் வேறொன்றும் சேர்ந்து வந்தது, வாட்ஸ்அப். இந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காது, வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளிடம் சோதனை செய்கிறான் என்று ஒரே குரல் பதிவு ஆயிரம் கைகளில் சுற்றியது. அறிவிப்புத் தாளைக் கொடுத்தனுப்பிய மறுநாள் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, எம் பேத்தி ஒத்தப் புள்ள. அவளுக்கு மட்டும் வேணாம், விட்டுரு" என்று அழுதார். அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பேத்தியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. ஊசி போடச் சொன்ன எங்கள் கவலையும் அதுவேதான். அந்தக் குரல் பதிவைச் செய்தவர்மேல்தான் இன்றும் எனக்குக் கோபம் தீரவில்லை. தமிழ்நாட்டில் முகாம் மந்தமாகி, மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டிவந்தது அந்தப் பொய்களால்தான்.

மலட்டுத்தன்மை வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பல நாடுகளில் ஐம்பது வருடமாக இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்கள் பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். ஆட்டிசம் வரும் என்ற பேச்சு 1998-இல் லண்டனில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரை நேர்மையற்றது என்று தெரிந்து, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஊசி போடும்போது என்ன நடக்கும்? பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய பயம், அதனால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

மருந்து பொடியாக ஒரு சிறு குப்பியில் இருக்கும். அதோடு வரும் நீரைச் சேர்த்துக் கரைப்பார்கள். கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். எப்போது கரைத்தீர்கள் என்று சிஸ்டரிடம் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஒருமுறை அழுத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சில், வலது கை மேற்புறத்தில், தோலுக்கு அடியில் அரை மில்லி போடுவார்கள். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். 2017-இல் போட்டு முடித்ததும் இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஓட்டுப் போட்டது போல மை வைத்தார்கள்.

பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். இதை மட்டும் யாரும் தட்டிக்கழிக்காதீர்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள். வந்தால் உடனே போட வேண்டிய மருந்து முகாமில் இருக்கும். பஸ்ஸில் இருக்காது.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் அடிக்கடி நடப்பது மயக்கம். காலையில் சாப்பிடாமல் வந்து, வெயிலில் வரிசையில் நின்று, முன்னால் இருப்பவள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, தன் முறை வரும்போது ஒருத்தி சாய்வாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சாய்வார்கள். அது மருந்தின் வேலை இல்லை, பயத்தின் வேலை. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, காற்றோட்டம் விட்டால் சில நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். நாங்கள் பிறகு கற்றுக்கொண்டது, காலை உணவு முடிந்ததும் போடுவது, உட்காரவைத்துப் போடுவது, காத்திருக்கும் பிள்ளைகளின் கண்ணில் படாத அறையில் போடுவது.

அன்று கை கொஞ்சம் வலிக்கும், சிவந்திருக்கும். காய்ச்சல் வருவதாக இருந்தால் அன்றைக்கே வராது. ஐந்து நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் லேசாக வரும், சிலருக்கு மெல்லிய தடிப்பும் காதுக்குப் பின்னால் நெறியும் வரும். ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து வருவதால் வீட்டில் திகைத்துப்போகிறார்கள். ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி. உடம்பு அதை அடையாளம் கண்டு பழகிக்கொள்ள அத்தனை நாள் ஆகிறது. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். பாராசிட்டமால் போதும். அதிகக் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் மருத்துவமனைக்குப் போங்கள்.

வயது வந்த பெண்களுக்கு இன்னொன்று வரலாம். மூட்டுவலி. எதிர்ப்புச் சக்தி இல்லாத வயது வந்த பெண்களில் நால்வரில் ஒருவருக்கு, ஊசி போட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் விரல், மணிக்கட்டு, முழங்கால் வலிக்கும். சில நாளில் போய்விடும். சிறு பிள்ளைகளுக்கு இது அபூர்வம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

"மாதவிலக்கு நேரத்துல போடலாமா டீச்சர்?" என்று காதோரம் வந்து கேட்பார்கள். போடலாம். தலைக்குக் குளிக்கலாம், கறி முட்டை சாப்பிடலாம், பரீட்சை எழுதலாம். போடக் கூடாதவர்கள் சிலர் உண்டு. கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையிலோ வேறு காரணத்தாலோ எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்கள். அன்று நல்ல காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம். ஊசி போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். தெரியாமல் போட்டபின் கர்ப்பம் என்று தெரியவந்தால் கலைக்க வேண்டியதில்லை. இந்த ஊசியால் குழந்தைக்குப் பிறவிப் பாதிப்பு வந்ததாக இதுவரை அறியப்படவில்லை. மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அது போதும்.

இப்போது இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் பதினைந்து வயது நிறைந்தவர்களுக்கு அந்த முகாமில் இடமில்லை. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் பலர் வயது தாண்டிவிட்டதால் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அதாவது 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்தவர்கள், தனியார் மருத்துவரிடம் ரூபெல்லாவும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசி போட்டிருந்தால் தவிர, ரூபெல்லா ஊசியே பார்க்காதவர்கள். அவர்கள்தான் இன்று கல்யாணம் பேசும், பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். சிறு வயதில் நோய் வந்துபோனவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கும். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று அம்மாவின் ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பயந்து அன்றைக்குப் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து நம் பக்கத்து நூல் மில்களில் வேலை பார்த்து, ஒரே விடுதி அறையில் பலராகத் தங்கியிருக்கும் இளம்பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தடுப்பூசிக் கணக்கை யார் கேட்டிருப்பார்கள்? மில் நிர்வாகங்களும் சுகாதாரத் துறையும் சேர்ந்து இவர்களுக்கு இந்த ஊசியைப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு அட்டவணையிலேயே ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் இரண்டு டோஸ் இலவசமாகப் போடுகிறார்கள். பெரியவர்கள் தனியாரிடம் எம்எம்ஆர் போட்டுக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் ஆகும். ஒரு டோஸே ரூபெல்லாவிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைக் காக்கும். முன்பே எதிர்ப்புச் சக்தி இருப்பவர் மறுபடி போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை. பிரசவத்தின்போது எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரியவந்தால், குழந்தை பிறந்தபின் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்க்குத் தடையில்லை.

சோதித்துப் பார்க்க விரும்பினால் ரூபெல்லா ஐஜிஜி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதில் பாசிட்டிவ் என்று வந்தால் அழாதீர்கள். பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். கரு கலைந்த பின், ரூபெல்லாவையும் சேர்த்துப் பார்க்கும் டார்ச் டெஸ்ட் எடுத்து, அந்தத் தாளில் பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று வீட்டுக்குள் முடங்கிய பெண்ணை எனக்குத் தெரியும். மாமியார் வீட்டில் அவள் பட்ட பேச்சு கொஞ்சமில்லை. ஐஜிஎம் என்ற இன்னொரு வரி இருக்கும். அதில் பாசிட்டிவ் வந்தால் மட்டும் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். அதுவும் சில நேரம் தவறாகக் காட்டும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கை, 1996-இல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ரூபெல்லா ஊசியைத் தொடங்கி, பிறகு குழந்தைகளுக்கும் கொண்டுவந்து, 2020-இல் தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. நாம் இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை.

அதனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ, வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவளுக்கோ, பையனுக்கோ, தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அதில் எம்ஆர் அல்லது எம்எம்ஆர் என்ற பதிவு இல்லையென்றால், கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக மருத்துவரைப் பார்த்துப் போட்டுவிடுங்கள்.